சிவப்புத் தலைக் கட்டைகள்

முழங்காலில் நின்று புல் எண்ணுகிற ஒருத்தியைப் பார்த்தால் ஊருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். வரட்டும். நெடுந்தரவையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே தர்மிளாவுக்கு அது பழகிவிட்டது. பழகாமல் கிடந்தது அப்புத்துரையின் சிரிப்பு மட்டும்தான்.

மாரியோடு காலபோக நெல் விதைப்புத் தொடங்கியதும் குடியேற்றத் திட்டத்து வயல்காரர் தங்கள் மாடுகளைப் பட்டி பட்டியாகச் சாய்த்துக்கொண்டு உப்புநீர்க் களப்புக் கரைக்கு வந்துவிடுவார்கள். வயலில் பயிர் நிற்கும்வரை மாடு தரவையில்தான். கொக்கிளாய்க்கு இப்பால், காடு முடிந்து களப்புத் தொடங்குகிற இடத்தில் விரிந்து கிடந்த அந்தப் புல்வெளிதான் நெடுந்தரவை. அரசாங்கம் அதைப் பூங்கா என்று அறிவித்து, வீதியோரம் ஒரு பலகையும் நட்டிருந்தது. மாட்டுக்காரர் வீதியால் வருவதில்லை. களப்புக் கரையால் வருவார்கள். அவர்களில் பெரிய பட்டி அப்புத்துரையுடையது. அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ மற்றப் பட்டிகளும் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

அன்று காலையும் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியைத் தோளுக்குக் குறுக்கே போட்டபடி, தர்மிளா எண்ணிக்கொண்டிருந்த ஏழாம் துண்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையே? ஒன்பது வருசமா முழங்காலில நிண்டு கிண்டிறியள். வெறும் பன்னிரண்டு துண்டு. எங்கட காலத்தில வந்த ஆக்களெண்டால் ஒரு மாரிக்குள்ள முடிச்சிட்டுப் போயிருப்பாங்கள்.”

“முடிக்கிறதுக்குச் செய்யிற வேலை இல்லை ஐயா இது. வருசா வருசம் செய்யவேணும்.”

“ஓமோம். முடிச்சால் சம்பளம் நிண்டுபோமெல்லோ.” அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். “தோட்டத்துப் பிள்ளையள் கொழுந்து கிள்ளிப் பழகின கை. நல்லாக் கிண்டுங்கோ.”

தர்மிளா நிமிரவில்லை. நிமிர்ந்தால் வாயில் வருவது தனக்கே பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தைவிட்டு ஓடிவந்து, ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரத்தில் கொட்டில் போட்டவர்களின் பேத்தி அவள். அந்தக் கொட்டில் வீடாகி, வீடு போரில் தரைமட்டமாகி, மீண்டும் வீடானபோது அதிலிருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் அவள்தான். பட்டம் எடுத்தாயிற்று. முதுமாணி ஆய்வும் பாதிக்கு மேல் போயிற்று. ஆனாலும் அப்புத்துரைக்கு அவள் கொழுந்து கிள்ளுகிறவள்தான்.

சிரியுங்கோ ஐயா, என்று அவள் மனதுக்குள் சொன்னாள். கூட்டம் வரட்டும்.

கூட்டம் என்றது மாவட்டத்தில் நடக்கவிருந்த கூட்டத்தை. நெடுந்தரவைக்குள் மாடு விடுவதைத் தடை செய்வதா இல்லையா என்று அங்கேதான் முடிவெடுக்கப் போகிறார்கள். அந்த முடிவுக்கு ஆதாரமாக இருக்கப்போவது அவளுடைய பன்னிரண்டு துண்டுகள்.

ஏற்பாடு எளிமையானது. ஒரே அளவில் பன்னிரண்டு சதுரங்கள். ஆறுக்கு முள்ளுக்கம்பி வேலி. அதற்குள் மாடு போக முடியாது. மற்ற ஆறும் திறந்தவை. நான்கு மூலையிலும் ஒவ்வொரு முதிரைக் கட்டை மட்டும். உயர்ந்த புல்லுக்குள் கண்ணில் படுவதற்காகக் கட்டைகளின் தலையில் சிவப்புப் பெயின்ற். ஒவ்வொரு வருடமும் மாரியில், அதே துண்டுக்குள், அதே முறையில், குழாயால் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் நிற்கிற ஒவ்வொரு செடியையும் எண்ணவேண்டும். புல்லின் உயரம், சாணம், தரையில் கூடு கட்டுகிற பறவைகளின் கூடு எல்லாம் எண்ணவேண்டும். தரவையை ஊடறுத்துப் போகிற ஒரு நேர்கோட்டில் விடிய நடந்து, எழும்புகிற பறவைகளையும் எண்ணவேண்டும். இப்படி எண்ணுகிற வேலை முதல் வருடம் வாய் திறக்காது. ஐந்தாம் வருடமும் முனகும், அவ்வளவுதான். ஒன்பதாம் வருடம்தான் பேசத் தொடங்கும். தர்மிளா வந்தது ஆறாம் வருடத்தில். அவளுக்கு முன்பு எண்ணியவர்கள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

ஒன்பதாம் வருடம் அது பேசியது. பன்னிரண்டு துண்டுகளிலும் விடத்தல் முள் இடையிடையே தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. குட்டை அறுகு செத்து, உயர்ந்த புல் ஏறிவிட்டது. திறந்த தரையில் கூடு வைக்கிற வானம்பாடி, பன்னிரண்டில் ஒன்றுக்குள்ளும் இல்லை. வேலி போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். ஆகவே மாடு மேய்ந்தாலும் மேயாவிட்டாலும் பற்றை வரத்தான் போகிறது. மாட்டால் தரவைக்கு ஒரு நன்மையும் இல்லை. இருக்கிற கூட்டை மிதிப்பதுதான் மிச்சம். திட்டத்தின் பொறுப்பாளரான கலாநிதி செந்தூரன் அப்படித்தான் அறிக்கை எழுதியிருந்தார். அதில் இரண்டாவது பெயர் தர்மிளாவுடையது. அவளுடைய முதுமாணி ஆய்வும் அதே கணக்கின்மேல்தான் நின்றது. கூட்டத்தில் அறிக்கையை அவளே வாசிக்கலாம் என்று செந்தூரன் சொல்லியிருந்தார். அப்போது அப்புத்துரையின் முகம் எப்படி மாறும் என்று அவள் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டாள்.

ஒன்று மட்டும் இடித்தது. நேர்கோட்டில் நடக்கும்போது வானம்பாடி எழும்பிக்கொண்டேயிருந்தது. மாடு நிற்கிற இடத்தில்தான் அதிகம் எழும்பியது. அவள் அதைச் சொன்னபோது செந்தூரன், “கோடு வேற, துண்டு வேற, தர்மிளா. ரெண்டையும் போட்டுக் குழப்பாதைங்கோ” என்றார். அவள் குழப்பவில்லை. ஆனால் அது இடித்துக்கொண்டேயிருந்தது.

கூட்டத்துக்கு முந்திய கிழமை, ஒரு கன்று அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது.

பிறந்து அதிக நாளாகாத வெள்ளைக் கன்று. வாலைத் தூக்கிக்கொண்டு பட்டியைவிட்டுப் பாய்ந்து, ஏழாம் துண்டின் கட்டைகளைத் தாண்டி உள்ளே போய், உயர்ந்த புல்லுக்குள் நின்றுகொண்டது. அப்புத்துரை அதன் பின்னால் ஓடிவந்தார். களப்புக்குள் இறங்கிய மாட்டைக் கழுத்தளவு தண்ணீரில் போய்த் திருப்புகிற மனிதர் அவர். அவர் சுவரில் முட்டியவர்போல் கட்டைக்கு வெளியே நின்றார். தடி கையிலிருந்து விழுந்தது. மெல்லக் குந்தி, கையை நீட்டி, “பா… பா…” என்று குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

துண்டின் மறு மூலையில் நின்ற தர்மிளாவுக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது.

“என்ன ஐயா, இண்டைக்குத்தான் வானம்பாடியில இரக்கம் வந்ததோ? போய்ப் பிடியுங்கோவன்.”

“சத்தம் போடாதை பிள்ளை.” நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. “வெருண்டு ஓடப்போகுது. நீதானே உதுக்குள்ள போய்வாறனி. எங்க மிதிக்கலாமெண்டு உனக்குத் தெரியும். மெல்லமாப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வா மோனை.”

மோனை என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எங்க மிதிக்கலாமெண்டால்?”

“வெடி இல்லாத இடத்தில.”

தர்மிளா அவரைப் பார்த்தாள். பிறகு, அவர் பார்க்கிறதை அவருடைய இடத்திலிருந்து பார்த்தாள். நான்கு கட்டை, நான்குக்கும் சிவப்புத் தலை. நடுவில் இழுத்துக் கட்டிய அளவுநாடா. தொப்பியும் கையுறையும் போட்ட ஒருத்தி, முழங்காலில் நின்று, சின்னச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் சாணளவு சாணளவாகப் புல்லைக் கிண்டி, எண்ணிய இடத்தில் ஊசி குத்திக்கொண்டு நகர்கிறாள். ஒரு சதுரம் முடிந்ததும் அடுத்த சதுரம். இதை அவளும் பார்த்திருக்கிறாள். மீள்குடியேறி வந்த புதிதில் பள்ளிக்கூட மதிலுக்கு அங்கால் மிதிவெடி எடுத்தவர்கள் இப்படித்தான் நின்றார்கள். சிவப்பைக் கண்டால் நில், வந்த வழியால் திரும்பு என்று வகுப்பில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். வன்னியில் அந்தப் பாடத்தில் தவறிய பிள்ளை இல்லை. தவறியவர்கள் பரீட்சைக்கு வரவில்லை.

அவள் உள்ளே நடந்தாள். கன்றை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, மூன்று வருடமாகக் கண்முன்னே கிடந்ததை அப்போதுதான் கண்டாள். தரவையில் மாடுகள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம், கட்டைக்குக் கிட்ட வந்ததும் இரண்டாகப் பிரிந்து, துண்டைச் சுற்றிப் போய், அங்கால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. இந்தத் துண்டுகளுக்குள் அவள் ஒருநாளும் சாணத்தில் மிதித்ததில்லை. சாணம் என்ற கட்டத்தில் வருடா வருடம் பூச்சியம் போட்டவளும் அவளேதான். மாடு குறைவு போலிருக்கிறது என்று செந்தூரனும் நினைத்தார், அவளும் நினைத்தாள். ஏன் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்புத்துரை கன்றை வாங்கி அதன் நாலு காலையும் தடவிப் பார்த்தார். மூச்சு வந்ததும் வாயும் பழையபடி வந்துவிட்டது.

“வேலி போட்டிருக்கிறது கடும் இடம். கட்டை மட்டும் நிக்கிறது கொஞ்சம் குறைஞ்ச இடம். அப்பிடித்தானே? உங்கட கம்பனிக்கு ஒருக்காச் சொல்லு பிள்ளை, கெதியா முடிக்கச் சொல்லி. உந்த மூலையில நல்ல புல்லு.”

அவள் வாய் திறக்குமுன் அவர் பட்டியைச் சாய்த்துக்கொண்டு நடந்துவிட்டார். தர்மிளா ஏழாம் துண்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள். முதலில் வந்தது சிரிப்பு. அது முடிய வந்தது கோபம், அவரில் அல்ல. திறந்த துண்டு என்று ஆறு கிடந்ததே, அதில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. முள்ளுக்கம்பி செய்த வேலையைச் சிவப்புப் பெயின்ற் செய்திருக்கிறது. மாடு மேய்ந்தும் பற்றை வந்தது என்று அறிக்கை சொல்கிறது. மாடு மேயவே இல்லை. மேயாததால்தான் பற்றை வந்தது. மாடு மேய்ந்த இடத்தில், அந்த நேர்கோட்டில், வானம்பாடி இன்றைக்கும் எழும்புகிறது. இந்த அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்தால் மாட்டை நிறுத்திவிடுவார்கள். மாடு வராமல் நின்றால், இன்னொரு ஒன்பது வருடத்தில் நெடுந்தரவை முழுக்க ஒரே விடத்தல் காடு.

வாசிக்கப்போகிறவள் அவள்.

அவள் பஸ் எடுத்து ஒட்டுசுட்டானுக்குப் போனாள். வீட்டில் அம்மா சிவலட்சுமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா போரில் போனபின், கவசமும் முகமூடியும் போட்டு எட்டு வருடம் மிதிவெடி எடுத்துத்தான் அம்மா அவளைப் படிப்பித்தாள். அம்மாவுக்கு வாயில் தோட்டத்துப் பேச்சு மாறவேயில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தோடு வன்னிப் பேச்சு ஒட்டிவிட்டது. ஒரு வீட்டுக்குள் இரண்டும் ஓடும்.

“அம்மா, தரவைக் கட்டையளுக்கு முதன்முதல் ஆரோ வெடிக் கட்டை மாதிரிச் சிவப்பு அடிச்சிருக்கினம்.”

“நாந்தான். ஏன், உரிஞ்சிருச்சா?”

திட்டம் தொடங்கிய வருடம் யாரோ ஊருக்குள் வந்து கட்டை சீவித் தரச் சொல்லிக் கேட்டதும், அம்மா முற்றத்தில் கட்டை சீவியதும் தர்மிளாவுக்கு மங்கலாக நினைவில் இருந்தது. அது இந்தக் கட்டை என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

“சிவப்பு அடிக்கச் சொல்லி ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல. புல்லுக்குள்ள தெரியிற மாதிரி நுனியில பெயிண்ட் அடிச்சுக் குடுங்கன்னாங்க. கட்டைன்னா சிவப்புதானே புள்ள. எட்டு வருசமா வேற என்னத்த அடிச்சேன் நான்?”

தர்மிளா நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் கை துருவலில் நின்றது.

“அப்ப இத்தனை வருசமா ஒரு மாடுகூட உள்ள போகலியா?”

“ஒண்டும் போகேல்லை.”

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனால், சிரிப்பு.

“சிரிக்காதைங்கோ அம்மா.”

“இல்லடி, கம்பனியே போயிருச்சு. நான் அடிச்ச கட்டைக்கு இன்னும் மரியாதை இருக்கே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. “ஒன் படிப்பு?”

“அந்தக் கணக்கிலதான் எழுதினனான். போகும்.”

“அப்ப பேசாம இருந்துரேன். யாருக்குத் தெரியப் போவுது? அந்த மாட்டுக்காரன் ஒன்னை என்னெல்லாம் சொல்லியிருக்கான்.”

“அந்தாளுக்காக இல்லையம்மா. நான் எண்ணினது பொய்யெண்டு தெரிஞ்சும் நானே அதை எழும்பி நிண்டு வாசிக்கிறதோ? அதுக்கு நான் கொழுந்தே கிள்ளியிருக்கலாம்.”

அம்மா தேங்காயை மறுபடி கையில் எடுத்தாள். துருவல் சத்தம் கேட்டது, வழமையைவிட வேகமாக.

தர்மிளா செந்தூரனுக்குப் போன் எடுத்தாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. அமைதியாகக் கேட்டார்.

“இப்ப கூட்டத்துக்கு நாள் இல்லை, தர்மிளா. அடிக்குறிப்பில போடுவம். திறந்த துண்டுகளில மேய்ச்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு எண்டு.”

“குறைவில்லை சேர், மேய்ச்சலே இல்லை. அடிக்குறிப்பைக் கூட்டத்தில ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.”

“அறிக்கையைத் திருப்பி எடுத்தால் மார்கழியோட நிதி நிண்டுபோகலாம். உங்கட சம்பளமும்தான். முதுமாணிக்கும் நீங்கள் முதலில இருந்து தொடங்கவேண்டி வரும்.”

“தெரியும் சேர்.”

“எனக்கும் அது ஒன்பது வருசம்.”

அவருடைய குரலில் இருந்தது கோபமில்லை என்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“வேலி போட்ட ஆறும் சரியா இருக்குது சேர். கோடும் சரியா இருக்குது. திறந்த ஆறைத்தான் இந்த மாரியில இருந்து புதுசாத் தொடங்கவேணும். தொடங்கினால் இன்னும் கொஞ்ச வருசத்தில உண்மையாவே ஒரு விடை வரும்.”

“காசு இல்லாமலோ?”

“புல்லு எண்ணுறதுக்குச் சட்டமும் முழங்காலும் இருந்தால் காணும்.”

அவர் மூச்சு விட்டது கேட்டது. “நான் கூட்டத்துக்கு வந்தால் உங்களைப் பேச விடமாட்டன். அதனால வரேல்லை. அறிக்கை உங்கட கையிலதான் இருக்குது” என்றுவிட்டு வைத்தார்.

கூட்டத்தில் அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். மாட்டுக்காரர் பின்வரிசைக் கதிரைகளில், கழுவிய சேட்டோடு விறைத்துப்போய் இருந்தார்கள். தர்மிளா எழும்பினாள். அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“இதை வாசிக்கப்போறதில்லை. இதில ஒரு பெரிய பிழை இருக்குது. பிழை எங்கடது.”

சொல்லவேண்டியதைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். கட்டையின் நிறத்தைச் சொன்னாள். அதை அடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தான் வந்தபின் வருடா வருடம் அதைப் புதுப்பித்தது தன் கைதான் என்று சொன்னாள். தலைமை தாங்கிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப ஒன்பது வருசமும் வீணோ?”

“இல்லை. மாட்டை நிறுத்தினால் தரவைக்கு என்ன நடக்குமெண்டு ஒன்பது வருசமா, பன்னிரண்டு இடத்தில, எங்களுக்கே தெரியாமல் செய்து பாத்திருக்கிறம். நீங்கள் இண்டைக்கு முழுத் தரவைக்கும் செய்ய நினைக்கிறது அதைத்தான். வந்து பாருங்கோ. முள்ளுக்குள்ளால உள்ளுக்குப் போக ஏலுமெண்டால் பாருங்கோ.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புத்துரை.

“பொறு பிள்ளை. அப்ப உதுக்குள்ள வெடி இல்லையோ?”

“ஒருநாளும் இருந்ததில்லை ஐயா.”

“அப்ப ஒன்பது வருசமா என்னத்தைக் கிண்டினனீங்கள்?”

“புல்லு.”

மண்டபம் சிரித்தது. அப்புத்துரை சிரிக்கவில்லை.

முடிவு அரை முடிவாகத்தான் வந்தது. அடுத்த வருட எண்ணிக்கைவரை தடை இல்லை. ஆனால் திறந்த துண்டுகள் உண்மையாகவே திறந்திருக்க வேண்டும். இந்தப் பருவத்திலேயே அவற்றில் மாடு மேய வேண்டும். மேயவில்லை என்றால் பழைய அறிக்கையின்படி தடைதான். தர்மிளா ஓம் என்றாள். மாட்டுக்காரரும் தலையாட்டினார்கள்.

அன்றிரவு அம்மா நிறங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “சிவப்பு ஆகாது. வெள்ளை, வெடி எடுத்து முடிச்ச இடத்துக்கு. அதுவும் வெடிக் கதைதான். மஞ்சள், கண்டுபிடிச்ச இடத்துல குத்துறது. நீலம்… நீலத்துல எங்ககிட்ட பெயிண்டே இருந்ததில்ல.” தர்மிளா முல்லைத்தீவுக்குப் போய் நீலம் வாங்கினாள். ஆறு துண்டுகளின் எல்லாக் கட்டைக்கும், பழைய சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அடித்தாள்.

மாடு வரவில்லை.

தடம் பழையபடியே கட்டைக்குக் கிட்ட வந்து பிரிந்து போயிற்று. வரும் பட்டியெல்லாம் அப்புத்துரையின் பட்டிக்குப் பின்னால் சுற்றிப் போயிற்று. அவள் வழியில் மறித்தாள்.

“கூட்டத்தில தலையாட்டினனீங்கள்தானே ஐயா.”

“கூட்டத்தில ஆர்தான் தலையாட்டேல்லை? உந்த நீலத்துக்கு என்ன அர்த்தம்?”

“ஒரு அர்த்தமும் இல்லை. புல்லுக்குள்ள கட்டை தெரியவேணும், அவ்வளவுதான்.”

“அர்த்தமில்லாமல் ஒருத்தன் கட்டைக்குப் பெயின்ற் அடிப்பானோ?” அவர் தடியை ஊன்றினார். இந்தமுறை பகிடி இல்லை. “பிள்ளை, துப்புரவாக்கியாச்செண்டு கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்த காணியிலதான் என்ர நாம்பன் மாடு வெடியில போனது. கடிதத்தை இப்பவும் வைச்சிருக்கிறன். நாம்பன் இல்லை. நீ படிச்சனி, பொய் சொல்லமாட்டாய். ஆனால் நிலம் படிக்கேல்லையே.”

“அப்ப மாட்டைத் தடை செய்தால் என்ன செய்வியள்?”

“தடை செய்தால் வேற வழி பாப்பன். மாடு செத்தால் வழியில்லை.”

அவளுக்கு வாய்க்கு வந்ததெல்லாம் கோபம்தான். ஆனால் அதில் ஒன்றும் இந்த மனிதரை ஓரடிகூட அசைக்காது என்று விளங்கியது. வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அம்மா கேட்டு முடித்தாள். அடுத்த நாள் காலையில், கூப்பிடாமலே, பழைய தடித்த காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நீங்கள் எங்கை?”

“காணி ஒப்படைக்க.”

வெடி எடுத்து முடித்த காணியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கும்போது, அம்மாவின் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கடிதம் பிறகு வரும். முதலில், எடுத்தவர்களே சொந்தக்காரர் பார்க்க அந்த நிலத்தில் ஒருவர் தோளை ஒருவர் உரசியபடி நடக்க வேண்டும். ஒரு அடியும் விடாமல் நடக்க வேண்டும்.

ஏழாம் துண்டருகே பட்டி வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அப்புத்துரை அம்மாவைக் கண்டதும் நின்றார்.

“இது ஆர்?”

“நான்தாங்க ஒங்க கட்டைக்குச் சிவப்பு அடிச்சவ. எட்டு வருசம் வெடி எடுத்திருக்கேன். இங்க ஒண்ணுமில்ல. பெயிண்ட் மட்டுந்தான், அதுவும் நான் பண்ண பிழை.”

அப்புத்துரை நீலக் கட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஒங்க நாம்பன் போன காணிய யாருங்க நடந்து ஒப்படைச்சா?”

“ஒருத்தரும் நடக்கேல்லை. கடிதம்தான் தந்தவை.”

“அதான்.”

அம்மா செருப்பைக் கழற்றி வைத்தாள். தர்மிளாவும் கழற்றினாள். தோளோடு தோள் சேர்த்து, மூலையிலிருந்து தொடங்கினார்கள். புல் தொடையில் உரசியது. விடத்தல் முள் காலைக் கிழித்தது. முள்ளைச் சுற்றிப் போகத் தர்மிளா ஒருமுறை விலகப் பார்த்தாள். அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “சுத்திப் போனா அங்க என்னவோ இருக்குன்னு நினைப்பான்.” முள்ளுக்குள்ளாலேயே போனார்கள். ஒரு பக்கம் போய், திரும்பி, ஒரு தோளகலம் தள்ளி, மறுபடி வந்தார்கள். தன்னுடைய துண்டுக்குள் தான் இத்தனை செடியை மிதித்ததே இல்லை என்று தர்மிளா நினைத்தாள். இந்த வருட எண்ணிக்கையில் இதையும் எழுத வேண்டும். எழுதுவாள்.

கடைசி வரிசை முடிந்தபோது இருவருடைய காலிலும் இரத்தம். அம்மா நடுவில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து சோற்றுப் பார்சலை எடுத்தாள். “வா, சாப்பிடு. நடந்ததோட போனா வேலைன்னு நினைப்பான். சாப்பிட்டாத்தான் வீடு.”

அப்புத்துரை வெளியிலேயே நின்றார். நெடுநேரம் நின்றார். பட்டி அவரைச் சுற்றி நின்று பொறுமை இழந்தது. கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பசு ஒன்று கட்டைக்கு மேலால் தலையை நீட்டி, உள்ளே இருந்த புல்லை மணந்தது. அவர் கை தன்பாட்டில் தடியை உயர்த்தியது, ஒன்பது வருடமாக உயர்த்திய அதே உயர்த்தல். உயர்த்திய தடி அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

பசு உள்ளே வந்தது. நாக்கைச் சுழற்றி ஒரு பிடி புல்லை அறுத்தது. அப்புத்துரை கண்ணை மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாடு வந்தது. பிறகு வெள்ளைக் கன்றின் தாய் வந்தது. வெருண்ட ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமடித்தது.

கடைசியாக அவரும் வந்தார், பசு வைத்த அடியின் மேலேயே தன் அடியை வைத்து வைத்து. அம்மா இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“இருங்க. பருப்பும் கீரையுந்தான்.”

அவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. தர்மிளாவைப் பார்த்து, “அப்ப இனி எத்தினை வருசம் எண்ணுவாய்?” என்றார்.

“தெரியாது ஐயா. குறைஞ்சது ஒன்பது.”

“சம்பளம் தருவாங்களோ?”

“மார்கழிக்குப் பிறகு தெரியாது.”

“விசர்தான்,” என்றார். “நல்ல விசர்.” பிறகு மற்றப் பட்டிக்காரருக்குக் கேட்கும்படி களப்புப் பக்கம் திரும்பிக் கூவினார். “இஞ்சால விடுங்கோடா. புல்லுத்தான் கிடக்கு.”

தர்மிளா கையைக் கழுவிக்கொண்டு சட்டத்தை எடுத்தாள். முழங்காலில் நின்றாள். ஏழாம் துண்டு, முதலாம் வருடம். சட்டத்துக்கு ஒரு அடி அங்கால் கிழட்டுப் பசு வாலைத் தூக்கியது. அவள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, எழுதினாள்: சாணம், ஒன்று.